பாதரசத்தின் அடர்த்தி 13.6-ஆ, 13,600-ஆ? வாசகர் கேள்வி பதில்

அலகு மாற்றம் பற்றி வந்த கேள்விகளில் பாதரசத்தைச் சுற்றியவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். ஒரு பதிலில் சொன்னது அடுத்ததற்கும் தேவைப்படும் என்பதால் முதலிலிருந்தே படித்துக்கொண்டு வாருங்கள். இடத்தை மிச்சப்படுத்த, ஒரு கன சென்டிமீட்டருக்கு இத்தனை கிராம் என்பதை கி/செ.மீ³ என்றும், ஒரு கன மீட்டருக்கு இத்தனை கிலோகிராம் என்பதை கி.கி/மீ³ என்றும் எழுதுகிறேன்.

கேள்வி: பத்தாம் வகுப்பு மாணவி நான். பாதரசத்தின் அடர்த்தி 13.6 கி/செ.மீ³, இதை கி.கி/மீ³ ஆக மாற்று என்று ஒரு கணக்கு. கிராமைக் கிலோவாக்க 1000-ஆல் வகுத்தேன், சென்டிமீட்டர் கீழே இருப்பதால் 100-ஆல் பெருக்கினேன். 1.36 வந்தது. விடைப்பக்கத்தில் 13,600 என்று இருக்கிறது. எங்கே விட்டேன்?

பதில்: நீங்கள் போன பாதை சரி. மேலே இருக்கும் கிராமைத் தனியாகவும் கீழே இருக்கும் சென்டிமீட்டரைத் தனியாகவும் மாற்ற வேண்டும் என்று புரிந்துகொண்டிருக்கிறீர்கள், கீழே இருப்பதை மாற்றும்போது வகுத்தல் பெருக்கலாகத் திரும்பிவிடும் என்பதும் தெரிந்திருக்கிறது. விட்டது அந்தச் சின்ன 3-ஐ. கீழே இருப்பது சென்டிமீட்டர் கிடையாது, கன சென்டிமீட்டர். ஒரு மீட்டரில் 100 சென்டிமீட்டர் என்றால் ஒரு கன மீட்டரில் எத்தனை கன சென்டிமீட்டர்? ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் உள்ள பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு விளிம்பில் ஒரு சென்டிமீட்டர் கட்டிகளை வரிசையாக வைத்தால் 100 கட்டிகள். அதுபோல் 100 வரிசை வைத்தால்தான் அடித்தளம் நிரம்பும், அதற்கே 10,000 ஆகிவிட்டது. அந்தத் தளத்தின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக 100 அடுக்கு ஏற்ற வேண்டும். மொத்தம் 10,00,000, அதாவது பத்து லட்சம். நீங்கள் 100-ஆல் பெருக்கியபோது ஒரே ஒரு வரிசையோடு நிறுத்திவிட்டீர்கள்.

இப்போது திரும்பப் போடுவோம். ஒரு கன சென்டிமீட்டரில் 13.6 கிராம். பத்து லட்சம் கன சென்டிமீட்டரில் 13.6 × 10,00,000 = 1,36,00,000 கிராம். இதைக் கிலோவாக்க 1000-ஆல் வகுத்தால் 13,600 கிலோகிராம். அவ்வளவுதான், 13,600 கி.கி/மீ³. மேலே 1000-ஆல் வகுக்கிறோம், கீழே இருப்பதற்காக பத்து லட்சத்தால் பெருக்குகிறோம், இரண்டையும் சேர்த்தால் மிஞ்சுவது 1000-ஆல் பெருக்கல். அதனால்தான் ‘ஆயிரத்தால் பெருக்கு’ என்று குறுக்குவழி சொல்லித்தருகிறார்கள். குறுக்குவழியை மனப்பாடம் செய்வதில் எனக்கு விருப்பம் இல்லை. பரீட்சையில் பதற்றத்தில் பெருக்கலா வகுத்தலா என்று குழம்பினால் மனப்பாடம் கைகொடுக்காது, அலகை எழுதிப் போட்டவருக்கு அந்தக் குழப்பமே வராது.

இன்னொரு பழக்கமும் வைத்துக்கொள்ளுங்கள். விடை வந்ததும் அது நடக்கக்கூடியதா என்று ஒரு நொடி பாருங்கள். ஒரு கன மீட்டர் தண்ணீர் ஏறக்குறைய 1000 கிலோ. ஒரு கன மீட்டர் காற்று, சாதாரண வெப்பநிலையில், சுமார் 1.2 கிலோ. உங்களுக்கு வந்த 1.36 உண்மையாக இருந்தால் பாதரசம் கிட்டத்தட்ட காற்றைப் போல லேசாக இருக்க வேண்டும்! தண்ணீரின் 1000-ஐயும் காற்றின் 1.2-ஐயும் நினைவில் வைத்திருந்தால், பாதரசம் என்று இல்லை, எந்தப் பொருளின் அடர்த்திக் கணக்கிலும் இடம் தவறிய புள்ளி உடனே கண்ணில் படும்.

கேள்வி: ஒரு இடத்தில் 13.6 கிராம்/மில்லிலிட்டர், இன்னொரு இடத்தில் 13.6 கிலோகிராம்/லிட்டர், வேறொரு இடத்தில் 13.6 டன்/கன மீட்டர். அலகு மாறியும் எண் மாறவே இல்லையே, அச்சுப் பிழையா?

பதில்: மூன்றும் சரி. ஒரு மில்லிலிட்டர் என்பதும் ஒரு கன சென்டிமீட்டர் என்பதும் ஒரே அளவு. அதை ஆயிரம் மடங்காக்கினால் லிட்டர், கிராமை ஆயிரம் மடங்காக்கினால் கிலோ. மேலேயும் கீழேயும் ஒரே ஆயிரம், எண் அசையாது. இன்னொரு ஆயிரம் ஏறினால் லிட்டர் கன மீட்டராகிறது, கிலோ மெட்ரிக் டன்னாகிறது, அப்போதும் 13.6-தான். கீழே இறங்கினாலும் இதே கதை: ஒரு கன மில்லிமீட்டர் பாதரசம், அதாவது குண்டூசித் தலையை விடச் சிறியது, 13.6 மில்லிகிராம்.

13,600 என்ற எண்ணுக்கும் இப்படிக் கூட்டாளிகள் உண்டு. கி.கி/மீ³-இல் 13,600 என்றால் கிராம்/லிட்டரிலும் 13,600, மில்லிகிராம்/மில்லிலிட்டரிலும் 13,600. இந்த இரண்டு குடும்பத்திலும் சேராதவைதான் ஆளைக் கவிழ்ப்பவை. உதாரணமாக கி.கி/செ.மீ³ என்று கேட்டால் 0.0136. கிராம்/மீ³ என்றால் 1,36,00,000. இப்படிப்பட்டது வந்தால் குறுக்குவழி தேடாமல், மேலே ஒருமுறை கீழே ஒருமுறை என்று நிதானமாக மாற்றுங்கள்.

கேள்வி: பாடப்புத்தகத்தில் 13.6, ஒரு அட்டவணையில் 13.595, இன்னொன்றில் 13.546, வேறொன்றில் 13.534. எல்லாமே கி/செ.மீ³. எதை எடுத்து மாற்றுவது?

பதில்: இந்தக் கேள்விக்காகவே இந்த முறை பாதரசத்தை எடுத்தேன் என்று சொல்லலாம். நீங்கள் பார்த்த நான்கும் உண்மை. 13.595 என்பது 0 டிகிரி செல்சியஸில், 13.546 என்பது 20 டிகிரியில், 13.534 என்பது 25 டிகிரியில். 13.6 என்பது 0 டிகிரி மதிப்பை மூன்று இலக்கத்துக்கு முழுமையாக்கியது. வெப்பநிலையைப் போடாமல் எண்ணை மட்டும் அச்சடித்துவிடுவதால்தான் இவ்வளவு குழப்பம். அலகு இல்லாத எண் எப்படி அரைகுறையோ, நான்கு இலக்கம் ஐந்து இலக்கம் என்று போன பிறகு வெப்பநிலை இல்லாத அடர்த்தியும் அப்படித்தான்.

பாதரசம் சூடாகும்போது விரிகிறது. நிறை அப்படியே இருக்க, அது அடைத்துக்கொள்ளும் இடம் கூடுகிறது, ஆகவே அடர்த்தி குறைகிறது. ஒரு டிகிரி ஏறினால் கன அளவு சுமார் 0.000182 மடங்கு கூடும், இது 0 டிகிரியில் இருந்த கன அளவை வைத்துச் சொல்வது. அந்த ஒரு எண் போதும், எந்தச் சாதாரண வெப்பநிலைக்கும் நீங்களே கணக்குப் போட்டுவிடலாம்: 13.5951-ஐ எடுத்து, 1-உடன் 0.000182 × வெப்பநிலை கூட்டி வரும் எண்ணால் வகுத்துவிடுங்கள். 30 டிகிரிக்குப் பார்ப்போம். 0.000182 × 30 = 0.00546. 13.5951 ÷ 1.00546 = 13.521. அதாவது 13.521 கி/செ.மீ³, அல்லது 13,521 கி.கி/மீ³. 100 டிகிரிக்குப் போட்டால் 13.352 வரும், அட்டவணைகளில் இருப்பதும் அதை ஒட்டியே. இவ்வளவு எளிய சூத்திரம் இவ்வளவு தூரம் பொருந்துவதற்குக் காரணம், இந்த வீச்சில் பாதரசம் ஏறக்குறைய சீராக விரிகிறது. வெப்பமானிக்குள் அதை அடைத்ததற்கும் அது ஒரு முக்கியக் காரணம். தண்ணீர் அப்படி இல்லை, 4 டிகிரி வரை சுருங்கிவிட்டு அப்புறம்தான் விரியவே ஆரம்பிக்கும்.

இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று தெரிய வேண்டுமா? ஒரு லிட்டர் பாதரசம் 0 டிகிரியில் 13.595 கிலோ. 40 டிகிரியில் அதே ஒரு லிட்டர் 13.497 கிலோ. கிட்டத்தட்ட 98 கிராம் குறைகிறது. பள்ளிக் கணக்குக்கு 13.6 தாராளமாகப் போதும். அளவுக்கருவியைச் சரிபார்ப்பவருக்கு அது போதாது. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஏ. எச். குக் என்ற இயற்பியலாளர் பாதரசத்தின் அடர்த்தியை மிகக் கவனமாக அளந்தார். 20 டிகிரிக்குக் கிடைத்த மதிப்பு 13,546 கி.கி/மீ³-க்குச் சற்றுக் குறைவு. துல்லியமான அழுத்த அளவீடுகள் அந்த எண்ணைத்தான் வெகுகாலம் நம்பியிருந்தன.

இதோடு ஒட்டிய இன்னொன்று. 13.6-ஐ மாற்றி 13,600 என்று எழுதும்போது, கடைசி இரண்டு பூஜ்யங்களும் அளந்து கண்டவை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 13.6 என்பதில் நமக்குத் தெரிந்தது மூன்று இலக்கம், அலகை மாற்றினால் அறிவு கூடிவிடாது. 1.36 × 10⁴ கி.கி/மீ³ என்று எழுதினால் இந்தச் சந்தேகமே வராது. கால்குலேட்டர் காட்டுகிறதே என்று 13600.000 என்று எழுதி அனுப்பாதீர்கள்.

கேள்வி: 1950-களில் வந்த ஒரு பழைய அட்டவணையில் பாதரசம் 0 டிகிரியில் 13.5951 கி/செ.மீ³ என்றும், பக்கத்திலேயே 13.5955 கி/மி.லி. என்றும் பார்த்தேன். கன சென்டிமீட்டரும் மில்லிலிட்டரும் ஒன்று என்றுதானே படித்தோம்?

பதில்: நல்ல கண் உங்களுக்கு. இன்று இரண்டும் ஒன்று. 1901 முதல் 1964 வரை ஒன்றாக இல்லை. அந்தக் காலகட்டத்தில் லிட்டர் என்பதை ஒரு கிலோ தூய தண்ணீர், அது மிக அடர்ந்திருக்கும் வெப்பநிலையில், எவ்வளவு இடம் பிடிக்கிறதோ அவ்வளவு என்று வரையறுத்திருந்தார்கள். கிலோவுக்கு மூல அளவாக வைத்த உலோகக் கட்டியைச் செய்தவர்கள் ஒரு கன டெசிமீட்டர், அதாவது 1000 கன சென்டிமீட்டர், தண்ணீரின் நிறைக்குச் சமமாக அதைச் செய்யத்தான் முயன்றார்கள், ஆனால் மிகச் சிறிய அளவில் விலகிவிட்டது. அதனால் அந்தப் பழைய லிட்டர் 1.000028 கன டெசிமீட்டராக இருந்தது. பழைய மில்லிலிட்டர் கன சென்டிமீட்டரை விட ஒரு துளி பெரியது, ஆகவே அதற்குள் ஒரு துளி அதிகப் பாதரசம். 13.5951-ஐ 1.000028-ஆல் பெருக்கிப் பாருங்கள், 13.5955 வரும். 1964-ல் எடைகள் அளவுகள் குறித்த பொது மாநாடு பழைய வரையறையைக் கைவிட்டு, லிட்டர் என்றால் கன டெசிமீட்டரேதான் என்று முடிவு செய்தது. அதற்கு முந்தைய அட்டவணையிலிருந்து ஐந்தாறு இலக்கம் எடுக்கிறவர்கள் மட்டும் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: 76 சென்டிமீட்டர் உயரப் பாதரசம் கொடுக்கும் அழுத்தம் எத்தனை பாஸ்கல் என்று கணக்குப் போட்டேன். அழுத்தம் = அடர்த்தி × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம். 13.6 × 9.8 × 0.76 = 101.29. விடை 1,01,325 என்கிறார்கள். ஆயிரம் மடங்கு குறைகிறது, ஆனால் இலக்கங்கள் கிட்டத்தட்ட அதேதான். இது தற்செயலா?

பதில்: தற்செயல் இல்லை, இதில் ரசிக்க நிறைய இருக்கிறது. நீங்கள் அடர்த்தியை கி/செ.மீ³-இல் விட்டுவிட்டு முடுக்கத்தையும் உயரத்தையும் மீட்டரில் போட்டீர்கள். பாஸ்கல் வேண்டுமென்றால் மூன்றும் ஒரே குடும்பத்தில் இருக்க வேண்டும்: கிலோகிராம், மீட்டர், வினாடி. அதாவது 13,600 × 9.8 × 0.76 = 1,01,293 பாஸ்கல். சரி, அப்படியானால் உங்களுக்கு வந்த 101.29 என்ன? இரண்டாவது பதிலைத் திரும்பிப் பாருங்கள். 13.6 கி/செ.மீ³ என்பதும் 13.6 டன்/மீ³ என்பதும் ஒன்று. ஆகவே உங்களை அறியாமல் டன், மீட்டர், வினாடி என்ற குடும்பத்தில் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். அந்தக் குடும்பத்தில் வரும் அழுத்தத்தின் அலகு கிலோபாஸ்கல். 101.29 கிலோபாஸ்கல் என்று எழுதியிருந்தால் உங்கள் விடைக்கு முழு மதிப்பெண் போட வேண்டியதுதான்!

மிச்சம் இருக்கும் சின்ன வித்தியாசம் முழுமையாக்கலால் வந்தது. அடர்த்தியை 13,595.1 என்றும் முடுக்கத்தை 9.80665 என்றும் போட்டுப் பெருக்குங்கள், 0.76 மீட்டருக்கு 1,01,325 வந்து நிற்கும். அதாவது 760 மில்லிமீட்டர் பாதரசம் என்று சொல்லும்போது 0 டிகிரியில் உள்ள பாதரசம் என்று அர்த்தம். 20 டிகிரி அறையில் காற்றழுத்தம் அளக்கும் பாரமானியைப் படித்தால் பாதரசம் சற்று லேசாக இருப்பதால் அதே காற்றழுத்தத்துக்குக் குழாயில் பாதரசத் தம்பம் சற்று உயரமாக நிற்கும். அளவுகோலின் விரிவைத் தள்ளிவைத்துப் பார்த்தால், 760 நிற்க வேண்டிய இடத்தில் கிட்டத்தட்ட 763 மில்லிமீட்டர். வானிலை நிலையங்களில் பாதரசப் பாரமானியோடு ஒரு வெப்பமானியும் சேர்ந்தே இருந்ததற்கு இதுதான் காரணம்.

1643-ல் இத்தாலிய அறிஞர் டோரிசெல்லி, காற்றழுத்தத்தைக் குழாயில் நிற்கும் திரவத்தின் உயரமாகக் காட்டும் சோதனைக்குப் பாதரசத்தை எடுத்துக்கொண்டதற்கும் இந்த 13.6-தான் விளக்கம். தண்ணீரில் அதே சோதனையைச் செய்ய வேண்டுமானால் 0.76 × 13.6, அதாவது சுமார் 10.3 மீட்டர் உயரக் குழாய் வேண்டும், மூன்று மாடி உயரம். பாதரசத்தில் ஒரு மீட்டர்க் குழாய் போதும். ஐந்து வருடம் கழித்து 1648-ல், விஞ்ஞானி பாஸ்கலின் வேண்டுகோளின் பேரில் அவருடைய மைத்துனர் பெரியே பிரான்சில் புய் தெ டோம் என்ற மலை உச்சிக்குப் பாதரசக் குழாயைக் கொண்டுபோய், மேலே தம்பம் தாழ்ந்து நிற்பதைப் பார்த்தார். தண்ணீர்க் குழாயை வைத்துக்கொண்டு மலையேறியிருக்க முடியுமா?

ரத்த அழுத்தம் பார்க்கும்போது சொல்கிற 120-ம் இதே மில்லிமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டர் பாதரசம் 133.322 பாஸ்கல், ஆக 120 என்பது 16 கிலோபாஸ்கல்.

கேள்வி: பள்ளி ஆய்வகப் பொறுப்பில் இருக்கிறேன். அலமாரியில் 250 மில்லிலிட்டர் கண்ணாடிப் புட்டி ஒன்று, முழுக்கப் பாதரசம். பதிவேட்டில் கிராமில் எழுதச் சொல்கிறார்கள். எடை போடாமல் எழுதலாமா?

பதில்: எழுதலாம். அறை வெப்பநிலைக்கு 13.55 என்று வைத்துக்கொள்ளுங்கள். 250 × 13.55 = 3,387.5, அதாவது சுமார் 3.39 கிலோ. புட்டியின் கோடு எவ்வளவு துல்லியம் என்பது தெரியாததால் 3.4 கிலோ என்று எழுதுவதே நேர்மை. தலைகீழாக, கிராம் தெரிந்து மில்லிலிட்டர் வேண்டுமென்றால் வகுக்க வேண்டும்: ஒரு கிலோ பாதரசம் 1000 ÷ 13.55 = 74 மில்லிலிட்டர் கூட வராது. வணிகத்தில் புழங்கும் பாரம்பரிய இரும்புக் குடுவையில் ஏறக்குறைய 34.5 கிலோ பாதரசம் இருக்கும், கன அளவில் அது இரண்டரை லிட்டர்தான்.

கணக்கைத் தாண்டி ஒன்று சொல்கிறேன். அந்தப் புட்டியைக் கழுத்தைப் பிடித்துத் தூக்காதீர்கள். தண்ணீர் இருந்தால் கால் கிலோ இருக்க வேண்டிய இடத்தில் மூன்றரைக் கிலோ இருக்கிறது, கை எதிர்பார்ப்பது ஒன்று, வருவது ஒன்று. மேசை மேல் சற்று வேகமாக வைத்தால் அடிக்கண்ணாடி பெயர்ந்துபோகும். கெட்டியான பிளாஸ்டிக் தட்டு ஒன்றுக்குள் வைத்து, இரண்டு கையாலும், ஒரு கை அடியில் கொடுத்து எடுங்கள். பள்ளிக்கு அது இனித் தேவையில்லை என்றால், அபாயக் கழிவுகளை முறைப்படி எடுத்துக்கொள்பவர்களிடம் ஒப்படைத்துவிடுவது இன்னும் நல்லது. பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான மினமாட்டா உடன்படிக்கை 2013-ல் ஏற்கப்பட்டு 2017-ல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு அப்புறம் ஆய்வகங்களில் பாதரசத்தை வைத்திருக்கக் காரணம் குறைந்துகொண்டே வருகிறது.

கேள்வி: இரும்பு பாதரசத்தில் மிதக்குமாமே. தங்கம்? ஈயம்? இதற்கு எந்த அலகில் ஒப்பிட வேண்டும்?

பதில்: எந்த அலகிலும் ஒப்பிடலாம், இரண்டும் ஒரே அலகில் இருந்தால் போதும். இரும்பு 7.87, பாதரசம் 13.55, இரண்டும் கி/செ.மீ³. 7.87-ஐ 13.55-ஆல் வகுத்தால் 0.58, அதாவது இரும்புத் துண்டின் 58 சதவீதம் மூழ்கி, மீதி மேலே தெரியும். இரண்டையும் கி.கி/மீ³-இல் போட்டாலும் அதே 0.58. ஈயம் 11.34, அதுவும் மிதக்கும், ஆனால் 84 சதவீதம் உள்ளே. தங்கம் 19.3, பிளாட்டினம் 21.4, டங்ஸ்டன் 19.3, இவை மூழ்கும். தங்கத்தைப் போட்டுப் பார்க்க நினைக்காதீர்கள், பாதரசம் அதனோடு கலந்து இரசக்கலவையாகிவிடும்.

ஒப்படர்த்திக்கு அலகு இல்லாததும் இதே வகுத்தலால்தான். பாதரசத்தின் அடர்த்தியைத் தண்ணீரின் அடர்த்தியால் வகுக்கிறோம், அலகு மேலும் கீழும் அடிபட்டு 13.6 என்ற வெறும் எண் நிற்கிறது.

கேள்வி: உறைந்த பாதரசம் இன்னும் அடர்த்தியா?

பதில்: ஆமாம். மைனஸ் 38.83 டிகிரியில் உறைகிறது. உறைவதற்குச் சற்று முன் திரவம் 13.69 கி/செ.மீ³, உறைந்ததும் திண்மம் சுமார் 14.18. பனிக்கட்டி தண்ணீரில் மிதக்கிறது, பாதரசக் கட்டி பாதரசத்தில் மூழ்கிவிடும். கி.கி/மீ³ எவ்வளவு என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: வெப்பமானி உடைவது பற்றிய ஒரு பாதுகாப்புக் குறிப்பில், 20 டிகிரியில் காற்றில் பாதரசம் கன மீட்டருக்கு 13 மில்லிகிராம் வரை ஏறலாம் என்று படித்தேன். அடர்த்தி கன மீட்டருக்கு 13,600 கிலோ. எந்த மாற்றம் செய்தாலும் 13 மில்லிகிராம் வரவில்லையே?

பதில்: வராது, வரவும் கூடாது. இரண்டு எண்ணிலும் 13 இருப்பதும், இரண்டுமே ‘கன மீட்டருக்கு’ என்று முடிவதும் ஒன்றாகக் காட்டுகின்றன. ஒன்று கன மீட்டர் முழுக்கத் திரவப் பாதரசமே இருந்தால் அதன் நிறை. இன்னொன்று கன மீட்டர் முழுக்கக் காற்று, அதில் ஆவியாகக் கலந்திருக்கும் பாதரசத்தின் நிறை. அதாவது திரவம் திறந்து கிடந்து, காற்று இனி ஏற்காது என்ற அளவுக்கு ஆவி நிறைந்துவிட்டால் வரும் உச்ச அளவு. அலகை மட்டும் மாற்றிப் பார்ப்போம். 13,600 கிலோ என்பது மில்லிகிராமில் 13,60,00,00,000, அதாவது 1.36 × 10¹⁰. அதை 13-ஆல் வகுத்தால் சுமார் 10⁹. ஆவியாக இருக்கும் பாதரசத்தைப் போல ஏறக்குறைய நூறு கோடி மடங்கு அந்தத் திரவம்.

அப்படியானால் 13 மில்லிகிராம் ஒன்றுமில்லை என்று நினைத்துவிட வேண்டாம். வேலை செய்யும் இடத்துக் காற்றில் பாதரச ஆவிக்குப் பல நாடுகளிலும் பரிந்துரைக்கும் வரம்பு கன மீட்டருக்கு 0.02 முதல் 0.05 மில்லிகிராம் வரைதான். 13 என்பது அதைப் போல சில நூறு மடங்கு. காற்றோட்டம் உள்ள அறையில் அந்த உச்சத்துக்கு ஏறாது, ஆனால் மூடிய சின்ன அறையில், அதுவும் சூடாக இருந்தால், வரம்பைத் தாண்டுவது சுலபம். உடைந்த வெப்பமானியில் ஒரு கிராம் பாதரசம் இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றாகத் திரட்டினால் அது சுமார் 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒற்றைக் குண்டு. கன அளவு 0.074 மில்லிலிட்டர். அதுவே தரையில் விழுந்து நூற்றுக்கணக்கான பொடிமணிகளாகச் சிதறினால் காற்றைத் தொடும் பரப்பு பல மடங்கு கூடுகிறது, ஆவியாவதும் கூடுகிறது.

ஆகவே உடைந்தால் குழந்தைகளை வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்து, அறைக்கதவைச் சாத்துங்கள். துடைப்பம் போடாதீர்கள், அது மணிகளை இன்னும் பொடியாக்கும். வாக்குவம் கிளீனர் கூடவே கூடாது, ஆவியைச் சூடாக்கி அறை முழுக்க ஊதிவிடும். மோதிரத்தைக் கழற்றிவிட்டுக் கையுறை போட்டுக்கொண்டு, இரண்டு கெட்டி அட்டைகளால் மணிகளை ஒன்றோடொன்று சேர்த்து, சொட்டுக்குழாயால் உறிஞ்சி, இறுக மூடும் டப்பாவில் விடுங்கள். கண்ணுக்குத் தெரியாத பொடிகளை ஒட்டு நாடாவால் ஒற்றி எடுத்து நாடாவையும் அதே டப்பாவில் போடுங்கள். டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடித்தால் மிச்சம் இருப்பவை மின்னும். சாக்கடையிலோ குப்பைத்தொட்டியிலோ கொட்டாமல் அபாயக் கழிவு எடுப்பவர்களிடம் சேர்த்துவிடுங்கள், டப்பாவின் மேல் ‘பாதரசம், சுமார் 1 கிராம்’ என்று எழுதி.